மதியத்தில் அப்பா ஏன் உறைந்துபோகிறார்? – மருந்து பற்றிய வாசகர் கேள்வி பதில்

இந்த மாதப் பதில்கள் எல்லாம் ஒரே நோயைப் பற்றியவை. சென்ற இதழில் மாத்திரை வேளை தவறுவதைப் பற்றி எழுதியபோது பார்க்கின்சன் நோயைப் பற்றி (உடம்பு இறுகி, அசைவு மெதுவாகி, பலருக்குக் கை நடுங்கும் மூளை நோய்) இரண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் அரசாங்க மருந்தகங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். என் அப்பா 13 வருடம் இந்த நோயோடு வாழ்ந்தார். அதனால் சில இடங்களில் மருந்தாளுநர் பேசுவாள், சில இடங்களில் மகள் பேசுவாள்.

அக்கா, என் அப்பாவுக்கு 71 வயது. லாரி ஓட்டியவர். ஐந்து வருடமாகப் பார்க்கின்சன். மடோபார் மாத்திரை காலை 8, மதியம் 2, இரவு 8 என்று சாப்பிடுகிறார். காலை ஒன்பதிலிருந்து நன்றாக நடக்கிறார், பேப்பர் படிக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மேல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. சமையலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. மதிய மாத்திரை சில நாள் வேலையே செய்வதில்லை. "காலையில நல்லாத்தானே நடந்தாரு, இப்ப வேணும்னே பண்றாரு" என்று அம்மா கோபப்படுகிறார். நோய் முற்றிவிட்டதா?
– வாசகி, பட்டர்வொர்த்

முதலில் உங்கள் அம்மாவுக்குத்தான் பதில். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அம்மா, அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த முகத்தில் சிரிப்பில்லாமல் இருப்பதும் உங்கள் மேல் உள்ள கோபத்தால் அல்ல. முகத்துத் தசையையும் இந்த நோய் இறுக்கிவிடும். என் அம்மாவும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் அப்பாவோடு மனஸ்தாபப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை. வீட்டில் மருந்து படித்தவள் நான் ஒருத்தி இருந்தேன், அம்மாவிடம் உட்கார்ந்து சொல்லவில்லை.

நடந்தது இதுதான். நடுமூளையில் கறுப்பாக ஒரு சிறு பட்டை இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று மூளை நினைப்பது தடங்கலில்லாமல் நடப்பதற்கு அது வேண்டும். பார்க்கின்சனில் அந்தச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகின்றன. டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் மூளைக்குள் போய் டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபாவைக் கொடுக்கிறோம். வழியிலேயே அது மாறி வீணாகிவிடாமல் இருக்கவும், குமட்டல் குறையவும் பென்செராசைடு என்ற துணை மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் அப்பாவின் மடோபார்.

ஆரம்ப வருடங்களில் ஒரு நாளைக்கு மூன்று வேளை போதுமானதாக இருந்தது ஏன்? நம் வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நன்றாக இருந்தால், வெளியே நாலு மணி நேரம் தண்ணீர் நின்றாலும் குழாயில் வந்துகொண்டே இருக்கும். தொட்டி உடைந்துவிட்டால், வெளிக்குழாயில் வரும்போது மட்டும்தான் வீட்டில் தண்ணீர். மிச்சமிருந்த மூளைச் செல்கள்தான் உங்கள் அப்பாவின் தொட்டி. கிடைத்ததைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. இப்போது சேமிக்கும் செல்கள் குறைந்துவிட்டன. லெவோடோபாவோ ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆக எட்டு மணி மாத்திரை பன்னிரண்டோடு தீர்ந்துபோகிறது. அவர் ஒரே மனிதர்தான், மருந்து ஏறுவதும் இறங்குவதும் அவர் காலில் தெரிகிறது.

நோய் நகர்ந்திருக்கிறது, உண்மை. ஆனால் மருந்து கைவிட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வேளையை மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கிறது. டாக்டர் இடைவெளியைக் குறைத்து நாலு ஐந்து வேளையாகப் பிரிக்கலாம். லெவோடோபா கூடுதல் நேரம் நிற்பதற்கு என்டகபோன் சேர்க்கலாம் (சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள்). ரசாகிலின், செலிகிலின் போன்றவையும் உண்டு. இதில் எதையும் நீங்களாக மாற்றாதீர்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை வேறு, அதை டாக்டரால் செய்ய முடியாது.

எங்கள் வீட்டுச் சமையலறையில் எண்ணெய்க் கறை படிந்த தினக்காலண்டர் ஒன்று தொங்கியது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் காலை ஆறு முதல் இரவு பத்துவரை மணியை எழுதி, ஒவ்வொரு மணிக்கும் எதிரே ஒரே எழுத்துப் போடுவேன். "ந" என்றால் நடக்கிறார். "இ" என்றால் இறுக்கம். "ஆ" என்றால் உடம்பு தானாக ஆடுகிறது, அதாவது மருந்து கூடிப்போன நேரம். மாத்திரை விழுங்கிய நிமிடத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் பக்கத்தில் குறிப்பேன். நாலு நாள் தாளைக் கொண்டுபோய் வைத்ததும் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். அதற்கு முன் மூன்று தடவை போய் "சில நேரம் நல்லா இருக்காரு, சில நேரம் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு, அன்றைக்குத்தான் வேளை மாறியது. நீங்களும் எழுதுங்கள்.

மதிய மாத்திரையின் மர்மம் எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. இரண்டு மணி மாத்திரையைச் சோறு சாப்பிட்ட கையோடு கொடுக்கிறீர்களா? மீன், கோழி, பருப்பு, பால் இவற்றில் உள்ள புரதமும் லெவோடோபாவும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் பால் சேர்க்காத தே ஓவும் இரண்டு கிரீம் கிரேக்கரும் போதும். மீனையே நிறுத்திவிடாதீர்கள், வயதானவர் மெலிந்துபோவார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இரண்டு மணி நேரம் தள்ளி. மலச்சிக்கலையும் கவனியுங்கள், வயிறு நகராவிட்டால் மாத்திரையும் நகராது.

வாசலில் கால் ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், முன்னால் விழுவார். வாசலுக்குக் குறுக்கே தரையில் பளிச்சென்று ஒரு சிவப்பு டேப் ஒட்டுங்கள். "நடங்கப்பா" என்பதற்குப் பதில் "கோட்டைத் தாண்டுங்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள். தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், கண்ணால் பார்த்துத் தாண்டும் வழி பலருக்குத் திறந்திருக்கும். என் அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பள்ளி அணிவகுப்பில் சொல்வதுபோல் "லெஃப்ட், ரைட்" என்று நான் சொன்னால் கால் எடுத்து வைப்பார்.

என் மாமனாருக்குக் கோப்பிக் கிண்ணத்தைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்குகிறது. பார்க்கின்சனா?
– வாசகர், சுங்கை பட்டாணி

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வேறு ஏதோ ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், ஒரு பொருளை எடுத்தால் அடங்கும், ஒரு பக்கத்தில் தொடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விபூதியைச் சிட்டிகை எடுத்து நெருடுவது போல உரசிக்கொள்ளும். தூக்கும்போது இரண்டு கையும் நடுங்குவது, குடும்பத்தில் பலருக்கு வரும் வேறொரு நடுக்கமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. தைராய்டு, ஆஸ்துமா மருந்து, மனநோய் மருந்து, இவையும் கையை நடுங்க வைக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. நடையில் ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, சட்டைப் பொத்தான் போட நேரமாவது, மோப்பம் தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுவது, இவற்றைக் கவனியுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழக்கமான ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஸ்கேன் எடுப்பது பெரும்பாலும் மற்ற நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ல் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறு பேர் கதைதான். அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்துக் கவனித்தவர்கள். இன்றும் நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லி, கையை மடக்கிப் பார்த்துத்தான் நிபுணர் முடிவு செய்கிறார். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள்.

அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பார்க்கின்சனும் இருக்கிறது. வார்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை ஒதுக்கினேன் என்று சொல்லலாம்.

அப்பா நோயின் ஒன்பதாவது வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. வீட்டில் அவருக்கு மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6. வார்டில் மருந்து வண்டி வருவது 8, 2, 8. தாதிகள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், ஒருவருக்கு அத்தனை கட்டில். ஆனால் ஆறு மணிக்கு விழுங்க வேண்டியவர் எட்டுவரை காத்திருந்தார். முதல் நாள் அறுவைக்காகப் பட்டினி என்று சொல்லி இரண்டு வேளை முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. பிறகு வாந்தி வந்தது. வாந்தியை நிறுத்த ஊசி போட்டார்கள்.

இரண்டாம் நாள் மாலை நான் போனபோது அப்பா மல்லாந்து கிடந்தார். தலையணைக்கும் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி. கழுத்து அவ்வளவு இறுகியிருந்ததால் தலை தலையணையில் படியவே இல்லை. கரண்டியில் கொடுத்த தண்ணீர் வாயோரமாக வழிந்தது. கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். மெட்டோகுளோபிரமைட், மூன்று ஊசி. மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும் மருந்து அது. மாத்திரையும் தாமதம், இருப்பதையும் ஊசி அடைத்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகக் கரையும் மாத்திரையைக் கொடுத்து, பழைய வேளைக்குத் திரும்பிய பிறகு நாலாம் நாள்தான் பேச்சு வந்தது. 

எனவே உங்கள் அம்மாவுக்காக ஓர் அட்டை எழுதுங்கள், மலாயில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள். மருந்தின் பெயர், அளவு, சரியான மணி. கீழே, கொடுக்கக்கூடாதவை: வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெராசின். இரவில் குழம்பிப் பேசினால் ஹாலோபெரிடால். தலைசுற்றலுக்குச் சின்னாரிசின். இந்த நான்கும் கொடுக்கக்கூடாது. வாந்திக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் தேர்ந்தெடுப்பார். செலிகிலின் அல்லது ரசாகிலின் சாப்பிடுகிறார் என்றால் அதைப் பெரிதாக எழுதுங்கள், பெத்திடின் ஊசியோடு சேர்ந்தால் ஆபத்து. மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே, "அன்று காலை மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். வேளைக்கு மாத்திரை கொடுக்க உங்களை அனுமதிப்பார்களா என்று வார்டு மிஸ்ஸியிடம் (தாதியிடம்) மரியாதையாகக் கேட்டு வையுங்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் நினைவு தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

என் கணவருக்கு 58 வயது. ஆறு மாதம் முன் பிரமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். வாழ்க்கையில் நம்பர் (லாட்டரி) எடுக்காத மனிதர், இப்போது புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நம்பர் கடையில் நிற்கிறார். மகளின் படிப்புப் பணத்தில் 4,000 வெள்ளி போய்விட்டது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

என்னிடம் சொன்னதற்கு நன்றி, தங்கச்சி. இது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். டோபமைன் போலவே நடிக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைக் கொடுக்கும். சூதாட்டம், கண்டதை வாங்குவது, ஓயாமல் சாப்பிடுவது, அளவு மீறிய காம ஆசை. உலகம் முழுக்கத் தெரிந்த விளைவு இது. உங்கள் கணவர் கெட்டவராக மாறிவிடவில்லை. அடுத்த அப்பாயின்மென்ட்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவர்கள் அளவைக் குறைப்பார்கள் அல்லது படிப்படியாக நிறுத்துவார்கள். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், அதுவும் உடம்பைப் படுத்தும். அதுவரை பேங்க் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். மருந்து குறைந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அந்த உந்துதல் தணிந்துவிடுகிறது.

பூனைக்காலிப் பொடி சாப்பிட்டால் இங்கிலீஷ் மருந்தே வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், கிள்ளான்

பூனைக்காலி விதையை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதில் லெவோடோபாவே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937லேயே ஆய்வு எழுதியவர்கள் தாமோதரன், இராமசாமி என்ற இரண்டு இந்திய அறிவியலாளர்கள். உரிய அளவில் லெவோடோபாவைக் கொடுத்தால் நோயாளி எழுந்து நடக்கிறார் என்று அமெரிக்காவில் ஜார்ஜ் கொட்சியாஸ் காட்டியது 1960களின் பிற்பகுதியில். ஆக "இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து" என்ற சண்டைக்கு இங்கே வேலையில்லை, இரண்டும் ஒரே பொருள். அதனால்தான் ஆபத்தும். பொடிக்குப் பொடி அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் லெவோடோபா கூடி உடம்பு ஆடும், ரத்த அழுத்தம் இறங்கும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினால் என்ன ஆகும் என்று மேலே வார்டுக் கதையில் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மா, எனக்கு 63 வயது, தையல்காரன். மூன்று வருடமாக இந்த நோய். சிறு வயதிலிருந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்து வந்தவன். போன வருடம் போகவில்லை. இந்த வருடம் ஏறலாமா? மூளைக்குள் கம்பி வைக்கும் ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

ஐயா, உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். "அம்மா" என்ற சொல் கட்டைவிரல் அகலம். கடைசி வரியை என் கண்ணாடி போதாமல் லென்ஸ் வைத்துப் படித்தேன். அப்பாவின் எழுத்தும் இப்படித்தான் சுருங்கியது. கரும்பலகையில் முத்து முத்தாக எழுதியவர்.

ஆபரேஷனை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி வழியாக மூளைக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுக்கும் இந்த முறையைப் பிரான்சின் கிரெனோபிளில் 1987ல் பெனாபித் என்ற அறுவை மருத்துவரின் குழு தொடங்கிவைத்தது. நம் நாட்டிலும் செய்கிறார்கள். மருந்துக்கு நல்ல பலன் இருந்தும் ஏற்ற இறக்கமும் உடம்பு ஆட்டமும் தாங்க முடியாமல் போனவர்களுக்கு அது உதவும். நோயைக் குணப்படுத்தாது. மூன்றாம் வருடத்தில், மாத்திரை நன்றாக வேலை செய்யும்போது, பெரும்பாலும் அதற்கு அவசரமில்லை.

மலைக்கு வருவோம். 513 படி. இதயமும் ரத்த அழுத்தமும் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், அவர் சரி என்றால் நான் போங்கள் என்றுதான் சொல்வேன். சமதரையில் கால் ஒட்டிக்கொள்ளும் பலர் படியில் நன்றாக ஏறுவார்கள், உங்கள் தெருவில் உள்ளவர்கள் பார்த்து ஆச்சரியப்படக்கூடும். ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரு கோடு. இறங்குவதுதான் கஷ்டம். இறங்கும்போது மகன் உங்களுக்கு ஒரு படி கீழே, முகத்தைப் பார்த்தபடி வரட்டும். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மாத்திரை, அடுத்த வேளை மாத்திரை சட்டைப் பையில், தண்ணீர் மகன் கையில். கூட்டம் நெருக்கும் நேரம் வேண்டாம், விடியற்காலை போங்கள். ஒவ்வொரு தளத்திலும் உட்காருங்கள், சட்டென்று எழாதீர்கள், தலை சுற்றும். பால்குடத்தை மகன் எடுக்கட்டும். குடத்தையும் காலையும் ஒரே நேரத்தில் கவனிப்பது இப்போது உங்கள் மூளைக்குப் பாரம், உங்கள் கை கைப்பிடிக் கம்பியில் இருக்க வேண்டும். தைப்பூசம் வரைக்கும் தினமும் அரை மணி நேரம், கையை வேண்டுமென்றே வீசி, பெரிய பெரிய அடியாக நடந்து பழகுங்கள்.

இறங்கி வந்ததும் எனக்கு எழுதுங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் இரட்டைக்கோடு நோட்டு கடையில் கிடைக்கும். ஒவ்வொரு எழுத்தும் மேல் கோட்டையும் கீழ்க்கோட்டையும் தொடுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி எழுதுங்கள். அப்பா கடைசிவரை அந்த நோட்டில்தான் கணக்கு எழுதினார், எனக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.